பிழைத்து வந்தவரின் உரிமை

2024 ஆகஸ்ட் 1 அன்று, நெடுந்தீவு அருகே இராமேஸ்வரம் விசைப்படகு ஒன்று இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதி மூழ்கியது. படகில் இருந்தவர்கள் நால்வர். ஒருவர் இறந்தார், ஒருவரைக் காணவில்லை, இருவர் மீட்கப்பட்டார்கள். இறந்தவர் குடும்பத்துக்கு முதலமைச்சர் நிவாரணம் அறிவித்தார். இப்படிப் பிழைத்து வருகிறவர்களின் நிலை என்னவென்று நம் கரையில் யாரும் உரக்கக் கேட்பதில்லை.

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் எங்கும் விசைப்படகுத் தொழில் பங்கிலும் முன்பணத்திலும்தான் ஓடுகிறது. தூக்கம் கெட்டு, என்ஜின் சத்தத்துக்கே கை நடுங்குகிறவர் "இந்த வாரம் வரலண்ணே" என்றால், "அப்ப அட்வான்ஸை எடுத்து வை" என்று ஒரு முதலாளி சொல்லிவிடலாம். படகை இழந்த முதலாளியும் கடனில் இருப்பார், உண்மைதான். ஆனாலும் முன்பணத்தைக் காட்டி ஒருவரைக் கட்டாயப்படுத்திக் கடலுக்கு அனுப்புவது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றமாகும். மாவட்ட ஆட்சியரிடம் புகார் கொடுக்கலாம்.

வேலையில் காயமோ சாவோ நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் அடங்குகிறது. முதலாளி தவறு செய்தாரா என்று நிரூபிக்க வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுக்குள் தொழிலாளர் துறையில் மனு கொடுக்க வேண்டும். "பங்குக்காரர்தான், கூலியாள் இல்லை" என்று மறுப்பு வரலாம். அதனால்தான் படகு டோக்கன் வாங்கிய நாள், பங்குக் கணக்கு நோட்டு, முன்பணச் சீட்டு, கைப்பேசியில் வந்த பணம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

மனக்காயம்தான் சிக்கலான இடம். பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2010இலேயே தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்துவிட்டது. நம் சட்டத்தின் பட்டியலில் அது இல்லை, சேர்த்தே ஆக வேண்டும். அதுவரை மருத்துவர் எழுதும் சீட்டுதான் சாட்சி. எனவே அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போய்ப் பதிவு செய்துகொள்ளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அரசின் மீனவர் விபத்துக் காப்பீட்டில் சாவுக்கும் நிரந்தர முழு ஊனத்துக்கும் 5 லட்சம், பகுதி ஊனத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் உண்டு. வழக்குக்குக் காசில்லையென்றால் 15100இல் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அழையுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது என்பதால், காணாமல் போனவரின் மனைவி தன் பெயரிலேயே வழக்கறிஞர் கேட்கலாம்.