அரிசி இலைகள் தொங்கும் ஊர்

மே 15 அன்று பிலிப்பைன்ஸின் லுக்பான் ஊரில், சில தெருக்களில் மட்டும் வீட்டுச் சுவர்கள் கண்ணில் படாது. கூரை விளிம்பிலிருந்து வாசற்படி வரை விளைச்சல்தான். நெற்கதிர்க் கட்டுகள், வாழைத்தார்கள், தேங்காய்க் குலைகள், பூசணி, கத்திரி, தக்காளி, மிளகாய் எல்லாம் ஜன்னலைச் சுற்றியும் கைப்பிடிச் சுவரிலும் அடுக்கிக் கட்டப்பட்டிருக்கும். அவற்றுக்கு நடுவே சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக, வெயில் ஊடுருவும் மெல்லிய இலைகள் கொத்துக் கொத்தாகத் தொங்கும். அந்த இலைகள் செடியில் முளைத்தவை அல்ல. அரிசி மாவில் செய்தவை.

‘சில தெருக்களில் மட்டும்’ என்பதற்குக் காரணம் உண்டு. உழவர்களின் காவலரான சான் இசித்ரோவின் ஊர்வலம் ஆண்டுதோறும் பாதை மாறிச் செல்லும். இந்த ஆண்டு எந்தத் தெருக்கள் வழியாகச் சிலை போகிறதோ, அந்தத் தெருக்காரர்கள்தான் வீட்டை அலங்கரிக்க வேண்டும். அடுத்த ஆண்டு வேறு தெருக்களின் முறை. ‘பஹியாஸ்’ என்ற இந்தத் திருவிழாவில் எனக்கு ஆகப் பிடித்த ஏற்பாடு இதுதான். ஊர் முழுக்க ஒரே நாளில் செலவழித்துக் களைத்துப்போவதில்லை. எப்போதும் தேரடித் தெருக்காரர்களுக்கே பெருமை என்ற நிலையும் இல்லை.

மணிலாவிலிருந்து தென்கிழக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில், கெசோன் மாகாணத்தில், பனஹாவ் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது லுக்பான். மலைச்சாரலின் குளிர்ச்சியும் அடிக்கடி பெய்யும் மழையும் உள்ள ஊர். நெல், தென்னை, காய்கறி மூன்றும் விளையும். மஹாய்ஹாய் என்ற பக்கத்து ஊரிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் ஒரு பம்ப்ளிமாஸ் மரத்தடியில் இளைப்பாறினார்கள், அந்த மரத்தின் பெயரே ஊருக்கும் ஆயிற்று என்பது உள்ளூர்க் கதை. எழுதப்பட்ட வரலாறு, பிரான்சிஸ்கன் பாதிரியார்கள் 1578இல் இங்கே கிறிஸ்தவக் குடியிருப்பை ஏற்படுத்தியதிலிருந்து தொடங்குகிறது. துலூஸ் நகரின் ஆயரான புனித லூயிஸ் பெயரிலுள்ள ஊர்க்கோயில், முந்தைய கட்டடங்கள் அழிந்த பிறகு, 18ஆம் நூற்றாண்டின் முதற்பாதியில் எழுப்பப்பட்டது. பஹியாஸ் ஊர்வலம் புறப்படுவதும் திரும்புவதும் அங்கேதான்.

முற்காலத்தில் உழவர்கள் முதல் விளைச்சலை அந்தக் கோயிலுக்கே சுமந்துபோய் ஆசி பெற்றார்களாம். கூட்டமும் விளைச்சலும் பெருகி இடம் போதாமல் ஆனதும், அவரவர் வீட்டு வாசலிலேயே பரப்பி வைக்கச் சொன்னார்கள். பாதிரியார் தெருவழியே வந்து ஆசி கூறினார். வாசலில் பரப்பியது சுவரில் ஏறியது. 1960களில் உள்ளூர்க் கலைஞர்கள் கைவைத்த பிறகு, அழகான வீட்டுக்குப் பரிசு என்ற போட்டியும் சேர்ந்துகொண்டது. போட்டியால் அலங்காரத்தின் தரம் உயர்ந்தது உண்மை. ஆனால் நிறுவன விளம்பரப் பதாகைகளும் கூடவே வந்தன. பூசணிக்காயைப் பார்க்க வந்தவர் குளிர்பானப் பெயரைத் தாண்டித்தான் அதைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது எல்லா நாட்டுத் திருவிழாக்களுக்கும் வந்த நோய்.

அந்த அரிசி இலைக்குப் பெயர் கிப்பிங். நம் வீடுகளில் இலை வடாம் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அரிசியை ஊறவைத்து, நைஸாக அரைத்து, சாயம் கலந்து, ‘கபால்’ என்ற காட்டு மரத்தின் அகன்ற இலையில் மெல்லிசாகப் பூசுகிறார்கள். ஆவியில் வேகவைத்து, ஆறியதும் உரித்தெடுத்து, மேலே கனம் வைத்துத் தட்டையாக்கிக் காயவிடுகிறார்கள். இலையின் நரம்புகள் அப்படியே மாவில் பதிந்திருக்கும். நாம் அதை எண்ணெயில் போட்டுச் சாப்பிடுகிறோம். அவர்கள் முதலில் மாட்டி அழகு பார்க்கிறார்கள். நூற்றுக்கணக்கான கிப்பிங்குகளை அடுக்கடுக்காகக் கோத்து, பெரிய சரவிளக்கின் வடிவில் ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடுவார்கள். விழா முடிந்ததும் அதைப் பொரித்தோ வாட்டியோ தின்பதும் உண்டு. மழை வந்தால் கதை முடிந்தது என்பதால், மே 15 அன்று அந்த ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

சான் இசித்ரோ ஸ்பெயின்காரர். 12ஆம் நூற்றாண்டில் மத்ரித் அருகே ஒரு நிலக்கிழாரிடம் கூலிக்கு ஏர் ஓட்டியவர். அவர் ஜெபத்தில் மூழ்கியிருந்தபோது தேவதூதர்கள் வந்து அவருக்காக உழுதார்கள் என்பது ஐதீகம். 1622 மார்ச் 12 அன்று போப் பதினைந்தாம் கிரிகோரி ஐந்து பேருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். அவர்களில் ஒருவர் இந்தக் கூலி உழவர். இன்னொருவர் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த சவேரியார்.

ஸ்பெயினின் கூலி உழவர் புனிதரானார். லுக்பானின் உழவர் மகனுக்கோ பாதிரியாரின் அங்கிகூடக் கிடைக்கவில்லை. இந்த ஊரின் வரலாற்றில் திருவிழாவை விட அழுத்தமான பக்கம் அதுதான்.

அப்போலினாரியோ டி லா குரூஸ் 1815இல் லுக்பானில் பிறந்தவர். துறவற சபையில் சேரும் ஆசையுடன் இளைஞராக மணிலா போனார். ‘இந்தியோ’ என்று ஸ்பானியர்கள் அழைத்த மண்ணின் மைந்தர்களுக்கு அந்தச் சபைகளின் கதவு மூடியிருந்தது. சான் ஹுவான் டி தியோஸ் மருத்துவமனையில் பணியாளாகச் சேர்ந்து, ஜெபங்களும் பிரசங்கங்களும் கேட்டுக் கேட்டே இறையியல் கற்றார். 1832இல் சான் ஹோசே பெயரில் ஒரு பக்திச் சங்கம் தொடங்கினார். உறுப்பினர்கள் ஏழை உழவர்கள். மாதந்தோறும் கூடி ஜெபித்தார்கள், சிறு தொகை செலுத்தினார்கள். அவருடைய அனுமதியின்றி ஸ்பானியர்களோ கலப்பினத்தவரோ சேர முடியாது என்று விதி வைத்தார். அவரைத் தள்ளிய சபைகளின் விதியை அவர் அப்படியே திருப்பிப் போட்டார்! மக்கள் அவரை ‘ஹெர்மானோ புலி’ என்று அழைத்தார்கள். ஹெர்மானோ என்றால் சகோதரர்.

சங்கம் ஆயிரக்கணக்கில் வளர்ந்ததும் திருச்சபை மேலிடமும் காலனிய அரசும் மிரண்டன. அங்கீகாரம் கேட்டு அவர் எழுதிய மனுக்கள் நிராகரிக்கப்பட்டன, கூட்டங்கள் கலைக்கப்பட்டன. 1841 அக்டோபரில், லுக்பான் அப்போது அடங்கியிருந்த தயாபாஸ் மாகாணத்தின் ஆளுநர் படையுடன் வந்தார். சங்கத்தினர் எதிர்த்து நின்றார்கள், ஆளுநர் கொல்லப்பட்டார். நவம்பர் 1 அன்று மணிலாவிலிருந்து வந்த படை, அலிதாவில் இருந்த சங்கத்தினரின் முகாமைத் தாக்கியது. ஆண், பெண், முதியவர் எனப் பல நூறு பேர் மாண்டார்கள். நவம்பர் 4 அன்று அப்போலினாரியோ சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 26. உடலைத் துண்டாக்கி, தலையை மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். தப்பியவர்கள் பலர் பனஹாவ் மலைக்குள் போனார்கள்.

அவர் கேட்டது நாடல்ல. தன் மக்கள் தங்கள் வழியில் ஜெபிக்க ஓர் அனுமதிச் சீட்டு. அதைக் கொடுத்திருந்தால் செலவு ஒரு தாள். மறுத்ததன் விலை இரண்டே ஆண்டில் தெரிந்தது. 1843 ஜனவரியில் மணிலாவிலிருந்த தயாபாஸ் படைப்பிரிவின் வீரர்களே ஸ்பெயினுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள்.

சுமார் 2,170 மீட்டர் உயரமுள்ள பனஹாவ் இன்றும் புனித மலைதான். குகைகளிலும் ஊற்றுகளிலும் வழிபடும் சிறு பக்திக் குழுக்கள் அதைச் சுற்றி வாழ்கின்றன. யாத்திரிகர்களும் மலையேறிகளும் விட்டுச்சென்ற குப்பையால் 2004இல் பாதைகளை மூடினார்கள். 2009இல் தனிச் சட்டத்தின் மூலம் பாதுகாக்கப்பட்ட பகுதியானது. லுக்பானின் புதிய அடையாளம் ‘காமாய் நி ஹேசுஸ்’ குன்று. சுமார் முந்நூறு படிகள் ஏறினால், உச்சியில் 50 அடி உயர இயேசு சிலை. புனித வாரத்தில் அங்கே கால்வைக்க இடமிருக்காது. வரலாற்றுக் கட்டடம் தேடுபவர்களுக்கு அதைவிட ஊர்க்கோயிலே மேல் என்பேன்.

சாப்பாட்டில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, பூண்டு தூக்கலான, லேசாகப் புளிக்கும் பன்றி இறைச்சிச் சாசேஜான லாங்கனிசா. இன்னொன்று பான்சிட் ஹப்ஹப். வாழையிலைத் துண்டில் நூடுல்ஸை வைத்து, வினிகர் தெளித்து, கரண்டியோ கையோ படாமல் இலையை வாயருகே தூக்கி நேராகச் சாப்பிடுவது. தெருவில் நடந்துகொண்டே சாப்பிடலாம். சாப்பாட்டுக்கு வெளியே ஒன்று, தலைக்கு வைக்கும் புந்தால் தொப்பி. அது பூரிப் பனையின் இலைக்காம்பு நாரில் முடைவது. நம் தாளிப்பனையின் நெருங்கிய உறவு அந்த மரம்.

அதே மே 15இல் பக்கத்து ஊர்களும் கொண்டாடும். தயாபாஸில் ‘சுமான்’ என்ற, இலையில் பொதிந்த அரிசிப் பலகாரத்தைக் கூட்டத்தில் வீசுவார்கள். சரியாயாவில் மூங்கிலில் கட்டித் தொங்கவிட்ட பண்டங்களை மக்கள் பாய்ந்து பறிப்பார்கள். இந்த நாளில் எந்த ஊரிலும் விளைச்சலைப் பூட்டிவைப்பதில்லை.

ஆனால் அந்த விளைச்சலால் உழவருக்கு என்ன கிடைக்கிறது? பக்கத்து மாகாணமான லகுனாவில், லோஸ் பான்யோஸில்தான் 1960இல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. தஞ்சை உழவர் அறிந்த ஐ.ஆர்.8, ஐ.ஆர்.20 ரகங்கள் அங்கிருந்து வந்தவை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை அதன் தலைமை இயக்குநர். அந்த நிறுவனம் இருக்கும் நாடுதான் அண்மை ஆண்டுகளில் உலகிலேயே அதிகமாக அரிசியை இறக்குமதி செய்கிறது. 2019இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டை நீக்கி, வரியை மட்டும் வைத்தார்கள். அந்த ஆண்டே நெல் விலை சரிந்து உழவர்கள் தவித்தார்கள். 2024இல் அந்த வரியையும் 35 சதவீதத்திலிருந்து 15ஆகக் குறைத்தார்கள். ஆக, சுவர் நிறைய நெற்கதிரைக் கட்டும் வீட்டுக்காரர், அதை விற்கப்போகும்போது வெளிநாட்டு அரிசியுடன் மல்லுக்கட்ட வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் பஹியாஸ் வெறும் வண்ணக்காட்சியாகத் தெரியாது.

போக நினைப்பவர்களுக்கு: மே 15க்கு முந்தைய நாளே ஊரை அடைந்துவிடுங்கள், விழா நாளன்று வந்தால் போக்குவரத்தில் பாதி நாள் போய்விடும். அலங்காரத்தைக் காலை வெளிச்சத்தில் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு நாள் கையில் இருந்தால், தயாபாஸ் வரை போய் ஹெர்மானோ புலியின் நினைவிடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.