வெள்ளைச் சட்டையும் எலுமிச்சம்பழமும்

பத்து பாகாட் வட்டாரத்தில் பால்மரம் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. துணியில் படும் கறையும் மாறிவிட்டது. செம்பனை எண்ணெயின் மஞ்சள் கறை பட்டால் சவர்க்காரம் போட்டுக் கசக்கி, ஈரத்தோடு வெயிலில் விரியுங்கள். அந்த நிறம் வெயிலுக்கு நிற்காது.

இன்னும் பால் வெட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சட்டையில் பால் பட்டால் எலுமிச்சையைத் தேடாதீர்கள். பாலை உறைய வைக்க அதில் என்ன ஊற்றுகிறோம்? அமிலம் அல்லவா! எலுமிச்சைச் சாறும் அமிலந்தான். பால் நூலுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். காய்வதற்கு முன் பச்சைத் தண்ணீரில் அலசிவிடுங்கள்.

எலுமிச்சை உதவுவது துருக்கறைக்கு. பிள்ளைகளின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் கிணற்று நீரின் இரும்பு படிந்து பழுப்பேறியிருந்தால், சாறும் உப்பும் தடவி ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து அலசுங்கள். சாயத் துணிக்கு வேண்டாம். கடையில் விற்கும் குளோரின் வெளுப்பு நீரோ துருவை இன்னும் அழுத்தமாக்கும்.

அந்த வெளுப்பு நீரோடு எலுமிச்சைச் சாற்றையோ காடியையோ ஒருபோதும் கலக்காதீர்கள், தாய்மார்களே. குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும். மூடிய குளியலறையில் ஆளையே சாய்த்துவிடும். தப்பித் தவறிக் கலந்துவிட்டால் வாளியை அப்படியே விட்டு வெளியே ஓடிவந்துவிடுங்கள். சட்டை போனால் போகட்டும்.