கடன் சொல்லலாம், கவலை சொல்லக் கூடாதா?



சென்ற ஆண்டு பொங்கல் சரக்கு எடுத்துப் போன பிறகு, ஆவடிப் பக்கத்து மளிகைக்காரர் ஒருவர் நம் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். இருபது ஆண்டுப் பழக்கம். நிலுவை மூன்று வாரத்தைத் தாண்டியதில்லை. ஐந்தாவது வாரம் வசூலுக்குப் போகும் பையனிடம் கொஞ்சம் காரமாகவே சொல்லி அனுப்பினோம். "கடை பூட்டியிருக்கு முதலாளி. அண்ணாச்சி வீட்லதான் இருக்கார், வெளியே வரமாட்டேங்கிறார்" என்று பையன் வந்து சொன்னான். ஏமாற்றப் பார்க்கிறார் என்று முடிவு கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை நாமே நேரில் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு மாதமாக அவருக்குத் தூக்கமில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். நெஞ்சு படபடக்கிறது என்று ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்திருக்கிறார்கள், கோளாறு ஒன்றுமில்லை. கடைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சூப்பர் மார்க்கெட், இரண்டு இடத்தில் தண்டல், மகளின் கல்லூரிக் கட்டணம். இதை யாரிடமும் சொல்லவில்லையா என்று கேட்டோம். "சொன்னா சரக்கு நின்னுடுமே அண்ணாச்சி" என்றார்.

நமக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது உண்மை. நம் தொழில் வாக்கை நம்பி நடக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் முகம் வாடினால் அடுத்த லோடு யோசித்துத்தான் வரும். உடம்புக்கு முடியவில்லை என்றால் பரிவு காட்டுகிற கடைத்தெரு, மனசு சரியில்லை என்றால் பாக்கியை எண்ண ஆரம்பிக்கிறது. வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள். சொந்தத்தில் சொன்னால் சம்பந்தம் பேசுகிற இடம் வரைக்கும் போய்விடும்.

அவருக்கு வழி காட்டியது அவருடைய மகள். 14416 என்ற எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறாள். மறைவாகப் பேச ஓர் இடம் வேண்டும் என்பதுதான் வியாபாரிக்கு முதல் தேவை. அது இப்போது போனிலேயே கிடைக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்காகவே இதை எழுதுகிறோம். (அவருடைய அனுமதியோடுதான் எழுதுகிறோம், ஆளை அடையாளம் காட்டுகிற விவரங்களை மாற்றியிருக்கிறோம்.)

இந்த எண் மத்திய அரசின் 'டெலி மானஸ்' சேவை. 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கப்பட்டது. பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்குத் தலைமை. நம் மாநிலத்தில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் நடக்கிறது. இருபத்து நான்கு மணி நேரமும் உண்டு, கட்டணம் கிடையாது. தமிழைத் தேர்ந்தெடுத்தால் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். அவர் அளவில் தீராது என்று கண்டால் மனநல மருத்துவருக்கு மாற்றிவிடுவார், அல்லது நேரில் போக வேண்டிய அரசு மருத்துவமனையைச் சொல்வார்.

நம்மவரிடம் ஆலோசகர் முதலில் கேட்டது தூக்கம், சாப்பாடு. பிறகு, "செத்துப் போய்விடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்டாராம். இப்படிக் கேட்பது கெட்ட எண்ணத்தைக் கிளப்பிவிடும் என்று நாம் நினைப்போம். மனநல மருத்துவர்கள் அப்படி இல்லை என்கிறார்கள். கேட்டால்தான் மனிதர் வாய் திறப்பார். "ரெண்டு மாசமா என்னைக் கேட்டவங்க எல்லாரும் பணத்தைத்தான் கேட்டாங்க" என்றார் நம்மிடம். அப்படிக் கேட்டவர்களில் நாமும் ஒருவர்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆலோசகர் தண்டல்காரரிடம் பேசமாட்டார், கடனை அடைக்கமாட்டார். ஆனால் தூக்கமில்லாதவன் போடுகிற கணக்கு தப்பாகத்தான் வரும். மருத்துவரைப் பார்த்து, சில வாரங்களில் தூக்கம் திரும்பிய பிறகே நம்மவர் பேரேட்டைத் திறந்தார். யாருக்கு எவ்வளவு, யாரிடம் தவணை கேட்கலாம் என்று எழுதிக்கொண்டு நம்மிடம் வந்தார். நாம் மூன்று மாதம் கொடுத்தோம். அதிக வட்டித் தண்டலை முதலில் முடித்தார். கடை இப்போது நடக்கிறது. முன்போல் இல்லை, ஆனாலும் நடக்கிறது.

இது ஒருவர் கதை என்று நினைக்க வேண்டாம். நிம்ஹான்ஸ் 2015-16-ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் குறை இருப்பது தெரிந்தது. நம் பேரேட்டில் நூறு பற்றுக் கணக்கு இருந்தால் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் அந்தப் பத்துப் பேர் என்று நமக்குத் தெரியாது. ஒருவேளை பேரேட்டை எழுதுபவரே அதில் ஒருவராக இருக்கலாம்.

2020 மே மாதம் கோயம்பேட்டை மூடிக் காய்கறிச் சந்தையைத் திருமழிசைக்கு மாற்றியபோது பூந்தமல்லிச் சாலையில் நாம் பார்த்த முகங்கள் நினைவிருக்கிறது. அது எல்லோருக்கும் தெரிந்த கஷ்டம், பேசித் தீர்த்துக்கொண்டோம். தனியாக வருகிற கஷ்டம் வேறு. நாம் கல்லாச் சாவியைப் பிள்ளையிடம் கொடுத்து ஓராண்டு ஆகிறது. பிள்ளை நன்றாகவே நடத்துகிறான். இருந்தும் காலை ஆறு மணிக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கே போவது என்று தெரியாமல் திண்ணையில் நிற்கிறோம். இந்தக் கட்டுரைக்கு விசாரிப்பதற்காகவே 14416-க்குப் போன் செய்தோம். வைக்கும்போது மணியைப் பார்த்தால் இருபது நிமிடம் ஆகியிருந்தது. விசாரிக்க நினைத்ததில் பாதியைக் கேட்கவே இல்லை.

போனில் பேசினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கும் ஸ்கார்ஃப் நிறுவனம் 1984-ல் டாக்டர் சாரதா மேனன் முயற்சியால் உருவானது. அவர்கள் 2010 முதல் புதுக்கோட்டை கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பி, சென்னை மருத்துவரைத் திரையில் காட்டி வைத்தியம் பார்த்தார்கள். மருந்தையும் பேருந்திலேயே கொடுத்தார்கள். முற்றிய நோய்க்கே அது உதவியிருக்கிறது.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருபவர்களுக்கு டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-ல் சென்னையில் தொடங்கிய சினேகா இருக்கிறது, எண் 044-24640050. அங்கே பேசுபவர்கள் தொண்டர்கள். அறிவுரை சொல்லமாட்டார்கள், பொறுமையாகக் கேட்பார்கள். அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். நேரில் போக வேண்டுமானால் அம்பத்தூர்க்காரர்களுக்குக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. ஆவடி, பூந்தமல்லி அன்பர்களுக்குத் திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது அவர்கள் கடமை. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைமைகளில் மட்டும் விலக்கு உண்டு.

பணம் கட்டி வீடியோவில் பேசுகிற தனியார் ஆலோசகர்களும் நிறைய வந்துவிட்டார்கள். சரக்கு வாங்கும்போது மாதிரி பார்ப்பதில்லையா? அதுபோல இதிலும் பாருங்கள். மனநல மருத்துவர் என்றால் மருத்துவக் கவுன்சில் பதிவு எண் இருக்கும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு இருக்கும். கேட்டால் சொல்ல வேண்டும். ஓ.டி.பி., வங்கிக் கணக்கு எண் கேட்பவர் ஆலோசகர் அல்ல, உடனே வைத்துவிடுங்கள். தெரிந்த மருந்துக்கடையில் தூக்க மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிற பழக்கமும் வேண்டாம்.

பேசும்போது கடையில் உட்கார்ந்து பேசாதீர்கள். நம்மவர் குடோனில் மூட்டைகளுக்கு நடுவே நின்றுதான் பேசினாராம்.

நம் பில் புத்தகத்தின் பின்னட்டையில் 14416-ஐப் போடச் சொல்லியிருக்கிறோம். "இது எந்த பேங்க் நம்பர் சார்?" என்று அச்சகத்துப் பையன் கேட்டான்.