எண்ணெயோடு மல்லுக்கட்டிய சக்கரம்

கோ-ஆக்சியல் எஸ்கேப்மென்ட்: ஜார்ஜ் டேனியல்ஸ் (1926–2011), இங்கிலாந்து

கைக்கடிகாரத்தில் சாவி கொடுத்த சுருள்வில் ஒரேயடியாக அவிழ்ந்துவிடாமல், அதன் விசையைச் சிட்டிகை சிட்டிகையாக அளந்து விடுவது எஸ்கேப்மென்ட். காதருகே கேட்கும் ‘டிக் டிக்’ இதன் ஓசைதான். நொடிக்கு 8 துடிப்பு என்றால் நாளுக்கு 6,91,200.

வழக்கமான லீவர் அமைப்பில், சக்கரத்தின் பற்கள் ஒவ்வொரு துடிப்பிலும் மாணிக்கக் கற்கள்மேல் சறுக்கியபடியே தள்ளுகின்றன. அதற்காக இடும் ஊசிமுனையளவு எண்ணெய் நாளடைவில் கெட்டியாகும், நேரம் பிசகும். நல்ல எண்ணெயைத் தேடாமல், சறுக்கலையே குறைக்கப் பார்த்தார் டேனியல்ஸ். ஒரே அச்சில் இரண்டு சக்கரங்கள். தடுப்பதற்குத் தனிக் கற்கள், தள்ளுவதற்குத் தனிக் கற்கள். சக்கரம் தேய்த்துத் தள்ளாமல், ஊஞ்சலை ஆட்டுவதுபோல் தட்டிவிடுகிறது.

1970களில் உருவான இதை, சுவிஸ் கடிகார நிறுவனங்கள் நெடுநாள் ஏற்கவில்லை. 1999இல்தான் அவற்றுள் ஒன்றான ஒமேகா விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய் அடியோடு ஒழிந்துவிடவில்லை, தேவை குறைந்தது.

இத்தகைய கடிகாரங்களின் துல்லியத்துக்குத் தரப்படும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்றுக்கு, நாளொன்றுக்குச் சராசரியாக 4 நொடி பிந்தலாம், 6 நொடி முந்தலாம். (சில நூறு ரூபாய் குவார்ட்ஸ் கடிகாரம் இதை எளிதாக மிஞ்சிவிடும் என்பது வேறு கதை.)