படகுத்துறையில் தூண்டில் போடுறீங்களா? பேத்தை மாட்டினால் சமைக்காதீங்க!

திருக்கோகர்ணத்திலிருந்து கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போய், படகுத்துறையில் நின்று தூண்டில் போடுபவரா நீங்கள்? அப்போ பேத்தை மீனைத் தெரிஞ்சுக்கோங்க.

அடையாளம் என்ன?
வெளியே இழுத்ததும் வயிறு பலூன் மாதிரி உப்பும். பற்கள் கிளி மூக்கு போல இருக்கும்; விரலைக் கடிச்சிடும், கவனம்.

என்ன ஆபத்து?
ஈரல், சினை போன்ற பாகங்களில் 'டெட்ரோடோடாக்சின்' என்ற நஞ்சு இருக்கலாம். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது போகாது. ஜப்பானில் இந்த இன மீனைப் பக்குவப்படுத்தவே தனி உரிமம் வேண்டும்.

சாப்பிட்டுவிட்டால்?
முதலில் உதடு, நாக்கு மரத்துப்போகும். பிறகு கை, கால் செயலிழந்து மூச்சே நிற்கலாம். முறிவு மருந்து கிடையாது. வென்டிலேட்டர்தான் உயிரைக் காக்கும். அதனால் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

தூண்டிலில் மாட்டினால்?
நரம்பை அறுத்துக் கடலிலேயே விட்டுடுங்க. நாய், பூனைக்கும் போடாதீங்க.