இருளில் மணம் அறியும் அந்துப்பூச்சி

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் படரும் அடம்பன் கொடியும் தோட்டங்களில் நடப்படும் வற்றாளைக் கொடியும் அக்ரியஸ் கொன்வொல்வுலி என்னும் பெரிய அந்துப்பூச்சியின் புழுக்களுக்கு உணவாகின்றன. முதிர்ந்த பூச்சி பொழுது சாய்ந்தபின் வெளிப்பட்டு, மலரில் அமராமல் அதன் முன்னே அந்தரத்தில் நின்றபடி, உடலைவிட நீண்ட உறிஞ்சுகுழலால் தேனை உறிஞ்சுகிறது. இருளில் மலரைக் கண்டடைய அதற்குப் பார்வையோடு மணமும் வழிகாட்டுகிறது.

மணத்தை அறியும் உறுப்பு தலையிலுள்ள இரு உணர்கொம்புகளாகும். அவற்றை மூடியிருக்கும் நுண்மயிர்களின் சுவரில் கண்ணுக்குப் புலப்படாத துளைகள் உள்ளன. காற்றில் வரும் மணமூலக்கூறு அத்துளைவழி நுழைந்து, மயிரினுள் நிறைந்த நீர்மத்திலுள்ள புரதங்களின் துணையோடு, நரம்புக் கலத்தின் மேற்பரப்பிலுள்ள வாங்கியை, அதாவது குறிப்பிட்ட மூலக்கூறுகளுக்கு மட்டும் இணங்கும் புரதத்தை, அடைகிறது. உடனே அயன்கள் கலத்தினுள் புக, மின்துடிப்பு எழுந்து மூளைக்குச் செல்கிறது. மல்லிகையின் மணம் லினலூல் முதலிய பல சேர்மங்களின் கலவையாதலால், எந்தெந்த வாங்கிகள் எந்த அளவில் தூண்டப்பட்டன என்னும் கோலத்தைக் கொண்டே மூளை மலரை இனங்காண்கிறது.

காற்றில் மணம் சீராகப் பரவுவதில்லை. அடுப்புப் புகைபோல இழையிழையாகப் பிரிந்து இடையிடையே அறுபடுகிறது. ஆகவே பூச்சி, மணம் படும்போது காற்றை எதிர்த்து முன்னேறியும், அது அறுபடும்போது இடமும் வலமும் வீசிப் பறந்து மீண்டும் இழையைப் பிடித்தும் மலரை நெருங்குகிறது. முட்டையிடும் செடியைத் தேர்வதிலும் மணம் உதவுகிறது: வேறோர் அந்துப்பூச்சி இனத்தின் புழு தின்னும் புகையிலைச் செடி இரவில் வெளிவிடும் மணம், அதே இனப் பெண் பூச்சிகளை முட்டையிடாமல் விலகச் செய்வதை 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

இந்நுண்ணிய ஏற்பாடு காற்றின் தூய்மையைச் சார்ந்தது. வாகனப் புகையிலுள்ள நைதரசன் ஈரொட்சைட்டு ஓசோனுடன் சேர்ந்து இரவில் நைத்திரேற்று மூலிகமாகி மணச்சேர்மங்களைச் சிதைப்பதையும், அதனால் அமெரிக்காவின் அந்திமலர் ஒன்றுக்கு அந்துப்பூச்சிகளின் வருகை ஏறத்தாழ 70 வீதம் குறைந்ததையும் வொஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். மகரந்தச் சேர்க்கைக்கு இரவுப் பூச்சிகளை நம்பும் செடிகள் எங்கும் உள்ளமையால், வாவிக்கரைப் பசுமையைப் பேணுவோர் கண்டலையும் கொடியையும் காப்பதோடு நில்லாமல், அவற்றின் மணத்தைச் சுமக்கும் காற்றையும் காத்தல் வேண்டும்.