தோட்டத் தொழிலாளியின் உயிர்

மாட்டுத்தாவணி என்ற பெயர் மாட்டுச் சந்தையினால் ஏற்பட்டது. 1999-ஆம் வருஷம் அங்கே பஸ் நிலையம் அமைந்தது. அருகிலேயே பூ மார்க்கெட்டும் இருக்கிறது. மலருக்கு மதிப்பளிக்கும் நகரம் மதுரை. பூங்காவையும் சாலையோரச் செடிகளையும் பராமரிக்கும் தொழிலாளியின் உயிருக்கும் அம்மதிப்பு உண்டா என்று கேட்கிறோம்.

தோட்ட வேலை அபாயமற்றதென்று பலர் எண்ணுகின்றனர். அது பெருந் தவறு. பாராகுவாட் என்னும் களைக்கொல்லி வயிற்றினுள் சென்றால் அதை முறிக்க மருந்தே கிடையாது. கிளை கழிப்பவனின் துரட்டி மின்சாரக் கம்பியில் பட்டால் ஒரு க்ஷணத்தில் உயிர் போகும். வெயிலின் கொடுமையை உணர்ந்தே, 2024-இல் தமிழ்நாட்டு சர்க்கார் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தனர்.

சட்டம் இல்லாமலில்லை. 1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தையொட்டி 1971-இல் ஏற்பட்ட விதிகள், மருந்தைக் கையாளுவோருக்குத் தக்க பாதுகாப்பு உடை வேண்டுமென்கின்றன. மருந்து டப்பாவின் மேல் ஒரு நிற முக்கோணமும் உண்டு. சிவப்பு மிகக் கொடிய விஷம், மஞ்சள் அதற்கடுத்தது, நீலமும் பச்சையும் முறையே கடுமை குறைந்தவை. எழுத்தறியாதவரும் அறிந்துகொள்வதற்கே இந்நிறங்கள். ஆனால் எடுத்துச் சொல்வாரில்லாவிடில் அவற்றால் யாது பிரயோஜனம்?

வேலை கொடுப்போர் கையுறையும் முகக்கவசமும் கொடுத்து, உச்சிவேளையில் ஓய்வளித்து, மின்சாரத்தை நிறுத்திய பின்னரே மரமேற்ற வேண்டும். இது தர்மமன்று, கடமை. தொழிற்சங்க நண்பர்கள் அடுத்த கூட்டத்திலேயே இந்நான்கு நிறங்களின் பொருளைத் தோட்டத் தொழிலாளருக்கு விளக்குவார்களென நம்புகிறோம்.